மெஷின் நிலை: நன்று

4ஆம் தேதி, வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று முதல் வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே தண்ணீர் ஒத்துக்கொண்டதா? போன ஞாயிறு போனில் இருமினாய். என்னவென்று கேட்க நான் வாயெடுப்பதற்குள் உன் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டு மெஷினின் சூடு எத்தனை டிகிரி என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் அவர் பக்கத்திலேயே நிற்பார். மெசேஜ் அனுப்பினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். உன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தான் ஆகவேண்டும். பதிலை நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதிவிடாதே.

விஷயம் உன் கம்ப்யூட்டர் மெஷின்தான். குழாய் கம்பெனி வேலைக்குக் கிளம்பும்போது, "ஒரு மூலையில கிடக்கும் அண்ணி, ஒரு தொந்தரவும் இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாய். பதினான்கு மாதம் ஆகிறது. நீ இருந்த சின்ன அறை இப்போது அதன் அறை. அதைக் குட்டிக்குப் படிக்கக் கொடுப்பதாக இருந்தோம். அவள் சமையலறையில், அடுப்புக்கும் பாத்திரம் கவிழ்க்கும் கூடைக்கும் நடுவில் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மெஷினுக்கு மட்டும் ஜன்னலோரம், டேபிள் ஃபேன், வெயில் படாமலிருக்கத் திரை. குட்டி அதற்கு "வீட்டோட மாப்பிள்ளை" என்று பெயர் வைத்திருக்கிறாள். நல்ல அறையில் உட்கார்ந்து நாள் முழுக்கக் காற்று வாங்கிக்கொண்டு, ஒரு காசு சம்பாதிக்காமல், சௌகரியமாக இருக்கிறதா என்று எல்லோரையும் விசாரிக்க வைப்பது வேறு யார், அம்மா? என்கிறாள். சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

உன் அண்ணன் இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். மெஷின் என்று எது கையில் கிடைத்தாலும் அவருக்கு அது லிஃப்ட்தான். பழைய கம்பெனியில் மிச்சமான பராமரிப்புப் புத்தகங்களை எடுத்து வந்து, உன் மெஷினுக்கு ஒன்றை ஒதுக்கிவிட்டார். தேதி, நேரம், சூடு, சத்தம், மெஷின் நிலை, கையெழுத்து. ஒரு நாளைக்கு ஆறு தடவை எழுதுகிறார். உடம்பு சரியில்லாமல் நான் படுத்திருந்தபோது எனக்குக் காய்ச்சல் எத்தனை என்று இரண்டு தடவைதான் பார்த்தார். அதை எங்கேயும் எழுதிவைக்கவும் இல்லை.

இதையெல்லாம் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்கும் தெரியும். அவருடைய லிஃப்ட் கம்பெனியில் அவர் சொல்லிச் சேர்த்துவிட்ட வேலையை ஆறே மாதத்தில் உதறிவிட்டு வந்தாய். சூப்பர்வைசர் முன்னால் அவர் தலைகுனிந்து நின்றார். அதற்கப்புறம் இரண்டு வருடம் ஒரே வீட்டில், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தீர்கள். "அண்ணி, சாவியை அங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்." "நாளைக்குப் பிளம்பர் வருவான், தம்பியை வீட்டில் இருக்கச் சொல்." இருவருக்கும் நடுவில் என்னைத் தபால்காரியாக்கிவிட்டு நீங்கள் பாட்டுக்கு வீம்பில் இருந்தீர்கள். அப்புறம் நீ இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். முதல் நாளே ஃபியூஸ் போய் வீடே இருட்டானது. அவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு உன் அறைக்குள் வந்து, "எத்தனை வாட்டுடா இது?" என்று கேட்டார். இரண்டு வருடத்தில் அவர் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை. அன்றைக்கு அந்தப் பெட்டிக்கு நான் திருஷ்டி கழிக்காத குறைதான். அதனால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்கவேண்டி வந்திருக்கிறது. போன வாரம் ஒரு மேனேஜர் வீடு தேடி வந்தார். பதினோரு மாடிக் குடியிருப்பு, நான்கு லிஃப்ட். பராமரிப்பைப் பார்த்துக்கொள்ள அனுபவப்பட்ட ஒருவர் வேண்டும். ஏறி இறங்க இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள், இவர் கீழே அறையில் உட்கார்ந்து சொன்னால் போதும். முட்டி வலியோடு வேலையை விட்டு ஒன்றரை வருடமாக வீட்டில் இருப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்? முட்டியைப் பற்றி அந்த மேனேஜரே கேட்டு, நாற்காலியை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூடச் சொன்னார். இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்லவேண்டும். இவர் என்ன சொன்னார் தெரியுமா? சின்ன அறைப் பக்கம் கையைக் காட்டி, "பகல் பூரா நான் போயிட்டா இத யாரு பாத்துக்கறது?" என்றார். மேனேஜர் உள்ளே யாரோ படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்றைக்குத்தான் இது என்னதான் என்று தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். கடைக்கு பில் போடும் சாஃப்ட்வேர் மாற்ற ஒரு பெண் வந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். பொறுமையாகச் சொன்னாள். யாரோ ஒருவர் கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் காசை வரிசையாகப் பல பூட்டுகளுக்குள் வைத்துவிட்டு, சாவியைக் கண்டுபிடிப்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஒவ்வொரு பூட்டும் முந்தையதைப் போல் இரண்டு மடங்கு கஷ்டம். சின்னப் பூட்டெல்லாம் எப்போதோ காலி. மிச்சமிருப்பதில் ஒன்றைத்தான் நம் மெஷின் நோண்டிக்கொண்டிருக்கிறது. புத்தியால் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லையாம். சாவி என்பது ஒரு நீளமான எண், ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானாம்.

நீ மெஷினின் மேலே ஒட்டிவைத்த சீட்டில் இருந்த எண்ணைச் சொன்னேன். நொடிக்கு நூறு கோடி சாவி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் போனில் கணக்குப் போட்டுவிட்டு, எல்லாச் சாவியையும் போட்டு முடிக்க முப்பத்தேழாயிரம் வருடம் ஆகும் அக்கா என்றாள். அதிர்ஷ்டம் எப்படியோ, சராசரியாக அதில் பாதியில் கிடைக்கலாம், பதினெட்டாயிரம் வருடம் என்றாள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தை பதினொரு மாதத்துக்கு மேல் எழுதித்தர மாட்டேன் என்கிறார் என்று சொன்னேன். இன்னொன்றும் சொன்னாள். சாவி கிடைத்தாலும் நிம்மதி இல்லையாம். காசை எடுக்கப் போகிறோம் என்று தெரிந்த நொடியே, அதற்கென்று காத்திருக்கும் பெரிய மெஷின்காரர்கள் முந்திக்கொண்டு அள்ளிவிடுவார்களாம். அதற்கு வேறு வழி இருக்கிறது என்று நீ ஏதாவது சொல்வாய். சொல்லிக்கொள்.

மாதத்துக்கு முந்நூறு யூனிட் கூடுதலாக ஓடுகிறது. இதை உன் அண்ணனிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாததா? வாட்டை மணியால் பெருக்கி எனக்கே பாடம் எடுத்துவிட்டு, "யாரோ ஒருத்தன் எடுக்கத்தானே போறான், அது ஏன் நம்ம பையனா இருக்கக் கூடாது?" என்று கேட்டார். கிடைக்காது என்று நிரூபிக்க எனக்கும் முப்பத்தேழாயிரம் வருடம் வேண்டும்.

என் பேச்சு அவர் காதில் ஏறாது. மெஷின் விஷயத்தில் உன் வார்த்தைதான் அவருக்குக் கடைசி வார்த்தை. வரும் ஞாயிறு போனில், "அண்ணா, இது லாயக்கில்லை, நிறுத்திடுங்க, நீங்க வேலைக்குப் போங்க" என்று மூன்று வரி சொல். நான் எழுதியதாகச் சொல்லாதே. இருமலுக்கு வெந்நீர் குடி. குட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன் நல்லதையே நினைக்கும்,
அண்ணி


15ஆம் தேதி, திங்கள்

தம்பிக்கு,

"அன்புள்ள" என்பதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

உன் கடிதம் இன்று பதினொரு மணிக்குக் கடைக்கு வந்தது. ஒரு பெரியவருக்குக் கண் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். அவரை உட்கார வைத்துவிட்டு, லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய்ப் படித்தேன். ஒரு தடவை படித்தேன். நான்தான் தப்பாகப் படிக்கிறேனோ என்று கடையில் இருந்த ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

"அண்ணி, கோபப்படாதீங்க. அந்தப் பூட்டை ரெண்டு மாசம் முன்னாடியே வேற யாரோ திறந்துட்டாங்க. காசு போயிடுச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். இரண்டு மாதமாக ஒன்றுமில்லாத பூட்டுக்கு நம் வீட்டில் நொடிக்கு நூறு கோடி சாவி போட்டுக்கொண்டிருக்கிறோம். முப்பத்தேழாயிரம் வருடம் என்றபோதுகூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வரவில்லை. அதிலாவது கடைசியில் ஏதோ இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் போனில், "சூடு எவ்வளவுண்ணா, சத்தம் வருதாண்ணா" என்று எப்படியடா கேட்டாய்? குரலில் ஒரு மாற்றம் இல்லை. அதற்கு நீ எழுதியிருக்கும் காரணத்தையும் படித்தேன். வேலையை விட்ட பிறகு அண்ணனுக்குப் பிடிப்பு என்று இருப்பது அந்த மெஷின் ஒன்றுதான், அதையும் பிடுங்கினால் அவர் உடைந்துபோவார், அதனால் ஓடட்டும், மின்சாரத்துக்கு ஆவதை நான் அனுப்பிவிடுகிறேன், அண்ணனிடம் சொல்லமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்யுங்கள் அண்ணி என்கிறாய். ஒருவர் உடைந்துபோகாமல் இருக்க அவரை இல்லாத புதையலுக்குக் காவல் வைப்பார்களா? அவருக்குப் பிடிப்பு வேண்டும் என்றுதானே பதினோரு மாடியும் நான்கு லிஃப்டும் வாசல் வரை வந்திருக்கின்றன. அதற்குக் குறுக்கே நிற்பது எது?

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நானே நிறுத்திவிடுவது என்று நேராகச் சின்ன அறைக்குள் போனேன். உன் அண்ணன் பின்பக்கம் ஃபேனின் இறக்கைகளைக் கழற்றி பிரஷ் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். சுவிட்சில் கை வைத்துவிட்டேன். அப்புறம், இந்த மனுஷன் எத்தனை நாள் இப்படி ஏமாந்து ஆறு வேளையும் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றி, பராமரிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். நீ சொன்ன அந்தத் தேதியிலிருந்து எண்ணலாம் என்று அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

அப்படியே எழுதுகிறேன், படி: "காலை 7.10. சூடு 68. சத்தம் சாதாரணம். பரிசு வேறு நபரால் எடுக்கப்பட்டது. மெஷின் நிலை: நன்று. தொடர்கிறது." கீழே முழுக் கையெழுத்து.

இருபத்தாறு வருடத்தில் ஒரு நட்டு கழன்றதைக்கூட எழுதாமல் விட்டவர் இல்லை. இதை மட்டும் விடுவாரா? பூட்டுகளின் நிலவரத்தைக் காட்டும் பக்கத்தை நீதான் அவர் போனில் போட்டுக் கொடுத்தாயாம், மறந்திருப்பாய். தினமும் காலையில் பார்ப்பாராம். உனக்குத் தெரிந்த அன்றைக்கே அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, அதற்கப்புறம் முந்நூற்று ஐம்பது தடவைக்கு மேல் சூடு பார்த்திருக்கிறார்.

புத்தகத்தோடு அவர் முன்னால் போய் நின்றேன். திருதிருவென்று முழித்தார். பிடிபட்டால் எப்போதும் செய்வதைப் போல பிரஷை உதறினார். பிறகு சொன்னார்: "அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு விட்டுடுவான். தனியாக் கிடக்கறான் அங்க. என்னைக்காவது இது கிடைச்சிடும்னு நெனச்சுத்தானே அந்த வேலையில ஒட்டிக்கிட்டு இருக்கான்." அவனே தன் வாயால் சொல்லும் வரைக்கும் தம்பியிடம் மூச்சு விடாதே என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் கேட்டார். சோப்பு நுரையோடு நீட்டிய கையில் நானும் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

ஒரே நாளில் இரண்டு பேர், ஒரே விஷயத்தை மறைக்க, என்னிடம் இரண்டு சத்தியம். எனக்குச் சிரிப்பதா, அந்த ஃபேனைத் தூக்கி அடிப்பதா என்று தெரியவில்லை. உள்ளே வந்து அரிசி களைந்தேன். குட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். அவளையும் திட்டிவிட்டேன், பாவம்.

இவ்வளவுக்கும் நீ ஊமை, அவர் உன்னைவிட ஊமை. உனக்காக அவர் ஓட்டுகிறார், அவருக்காக நீ ஓட்டச் சொல்கிறாய். நடுவில் மீட்டர் ஓடுகிறது.

அவருக்குக் கொடுத்த சத்தியத்தை இந்தக் கடிதத்தில் மீறிவிட்டேன். பாவம் என் தலையில் விழட்டும். இனி சொல்லவேண்டியது நீ. வரும் ஞாயிறு, இருபத்தொன்று. கூப்பிட்டதும் முதல் வார்த்தையாக, "அண்ணா, அந்தக் காசு போய் ரெண்டு மாசமாச்சு, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்று சொல். நான் நடுவில் வரமாட்டேன். தபால்காரி வேலையை விட்டுவிட்டேன்.

மின்சாரத்துக்கு என்று ஒன்றும் அனுப்பாதே. அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். இருமல் நின்றதா என்பதை எழுதாமல் விட்டிருக்கிறாய்.

அண்ணி


21ஆம் தேதி, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

இதைத் தபாலில் போட்டால் நீ படிப்பதற்குள் இருபத்தைந்தாம் தேதி தாண்டிவிடும். அதனால் எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பும்படி குட்டியிடம் சொல்லியிருக்கிறேன். படிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள். படிப்பாள்.

மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நீ கூப்பிட்டாய். நான் வாசல்படியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். நீ, "அண்ணா" என்றாய். அவர், "சொல்லுடா" என்றார். நான் கையில் இருந்த தலையணை உறையை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நீ, "மெஷின் எப்படிண்ணா இருக்கு?" என்றாய்.

அவரும், "நல்லா ஓடுது" என்றார்.

பதினான்கு நிமிடம் தம்பி. ஃபேனில் எவ்வளவு தூசி சேர்ந்திருந்தது என்பதைப் பற்றி மட்டும் நான்கு நிமிடம். என் கடிதம் கிடைத்துவிட்டது என்பது உன் குரலிலேயே தெரிந்தது. எல்லாம் தெரிந்தும் கேட்டாய். கடைசியில், "அப்புறம்?" என்றாய். அவர், "அப்புறம் என்ன, நீதான் சொல்லணும்" என்றார். "ஒண்ணுமில்லண்ணா." "சரிடா." வைத்துவிட்டீர்கள்.

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அதற்கு முன்னாலேயே அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தம்பிக்கும் தெரியும், அன்றைக்கே தெரியும், உங்களுக்காகத்தான் தெரியாதவன் மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். நீ கேட்ட சத்தியமும் போயிற்று.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்தார். "ரெண்டு மாசமாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஒரு வாரம்கூட விடாம கேட்டானே" என்றார். எழுந்துபோய், முறைப்படி ஒவ்வொன்றாக அணைத்து, கடைசியில் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றிக் கட்டினார். அந்த அறையில் சத்தம் இல்லாமல் இருப்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். குட்டி ஓடிவந்து கரண்டு போய்விட்டதா என்று கேட்டாள்.

சரி, தீர்ந்தது, நாளைக் காலையில் மேனேஜருக்குப் போன் போடுங்கள் என்றேன். தலையை ஆட்டவில்லை. முட்டியா என்றேன், இல்லை. சம்பளமா என்றேன், இல்லை. உன் அண்ணன் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வரவைப்பதற்குள் எனக்கு முடி நரைத்துவிடும். கடைசியில் சொன்னார். அந்தக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகமாம். எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள், லிஃப்டும் அன்றைக்குத்தான் மக்கர் செய்யுமாம். இவருக்கு விடுமுறை புதன்கிழமை. இதை மேனேஜர் அன்றைக்கே வாசலில் வைத்துச் சொல்லியிருக்கிறார். என்னிடம் இவர் சொல்லவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் அங்க இருந்தா அவன் போனை யாரு எடுக்கறது? கீழ இருக்கற அந்த ரூமுக்குள்ள டவரே கிடைக்காது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிறு இல்லாவிட்டால் புதன்கிழமை கூப்பிடச் சொன்னால் போகிறது, இதற்காகவா ஒரு வேலையைத் தள்ளுவார்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. கட்டிவைத்த வயரைக் கையில் வைத்துக்கொண்டே, "இனிமே அவன் எதுக்குக் கூப்பிடுவான்?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் இவர் என்னிடம் பதிலுக்காகக் கேட்ட கேள்வி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கூப்பிடுவான் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகியிருக்காது. ஆனால் அதை நான் சொல்வதில் என்ன இருக்கிறது?

எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. நிறுத்தியதற்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை ஆரம்பிக்கலாம் என்று யோசிக்காதே. அடுத்த பூட்டு, அதற்கடுத்த பூட்டு என்று எதையாவது எடுத்துக்கொண்டு வந்தால், பெட்டியோடு சேர்த்து உங்கள் இருவரையும் வெளியே வைத்துப் பூட்டிவிடுவேன். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள இவ்வளவு விலை உயர்ந்த சாக்கு எந்த வீட்டிலும் இருக்காது.

வியாழன் காலை பத்து மணிக்கு அவர் பதில் சொல்லியாகவேண்டும். வேலைக்குப் போகச் சொல்லி நீ அவருக்குப் புத்தி சொல்ல வேண்டாம், அதை நானே இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால், புதன்கிழமை, வேலை முடிந்து வந்ததும் கூப்பிடு. நீ ஏன் அன்றைக்குக் கூப்பிட்டாய் என்று அவருக்குப் புரியும். என்ன பேசுவது என்று என்னைக் கேட்காதே, நான் சொல்லித்தர மாட்டேன். பேச ஒன்றுமே இல்லையென்றால் இருமு. அவர் அதைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசுவார்.

இப்போது கூடத்தில் தன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்குத்தானே பேசினான், இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று குட்டி கேட்டாள். சும்மா போட்டு வைத்திருக்கிறேன் என்றார்.

வேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள். நூறு வயது நன்றாக இரு, தம்பி. புதன்கிழமை.

உன்
அண்ணி